லைட்டா விஸ்கி சவர் போடப் போய் சொதப்புதா? எங்க தப்புன்னு கண்டுபிடிக்கற வழி

எங்க அக்கா வீட்டுக்காரர் ஓசூர்ல இருக்கார், மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஸ் புடிச்சு பெங்களூர் அல்சூர்ல எங்க வீட்டுக்கு வந்துடுவார், ராத்திரி இங்கயே தங்கல். போன வருஷம் வரைக்கும் நான் போடற விஸ்கி சவர்னா மனுஷனுக்கு உயிரு. அப்புறம் டெஸ்ட்ல சுகர் எட்டிப் பாத்துச்சு, அக்கா போன் போட்டு என்னைத்தான் திட்டுச்சு. அடுத்த தடவை வந்தப்ப மாமா செருப்பக் கழட்டும்போதே "மாப்ள, சரக்க நிறுத்தச் சொல்லல, சக்கரையத்தான் நிறுத்தச் சொன்னாங்க, லைட்டா ஒன்னு போடு"ன்னார்.

நானும் சக்கரைப் பாகை தூக்கிட்டு நாலு சொட்டு ஸ்டீவியா (இலையிலேர்ந்து எடுக்கற, கலோரி இல்லாத இனிப்பு), முட்டை வேணாம், லெமன் கொஞ்சம் தாராளம்னு கலக்கிக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சார். கிளாஸைக் கீழ வச்சார். சுவத்துல தொங்கற காலண்டரையே கொஞ்ச நேரம் பாத்தார். "நிலவேம்பா மாப்ள?"

அதுக்கப்புறம் ஒரு ஏழெட்டு சனிக்கிழமை ஒவ்வொரு தப்பா பண்ணி ஒவ்வொன்னா சரி பண்ணதுதான் இது, உங்களுக்கு எது நடக்குதோ அந்த இடத்துக்கு நேரா போய் படிச்சுக்கோங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கணக்கு மட்டும் பாத்துடலாம், ஏன்னா பாதி பேர் தப்பு பண்றது இங்கதான்.

வழக்கமான விஸ்கி சவர்னா போர்பன் (அமெரிக்க மக்காச்சோள விஸ்கி) 60 மில்லி, லெமன் ஜூஸ் 22, சக்கரையும் தண்ணியும் சமமா காய்ச்சின பாகு 22, கூட ஒரு முட்டை வெள்ளை. 1870லயே விஸ்கான்சின் பக்கம் ஒரு பத்திரிகையில இந்தப் பேர் வந்திருக்கு, அவ்ளோ பழைய ஐட்டம். இதுல பாகுல இருக்கற சக்கரை 12 கிராம் சொச்சம், அதாவது 50 கலோரி பக்கம். சரக்கு? ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி, 42.8 சதவீத பாட்டில்ல 60 மில்லி ஊத்தினா 140 கலோரி அதுலயே போச்சு. சக்கரை மொத்தத்தையும் தூக்கினாலும் 50தான் குறையுது, ருசி நாசமாகுது. அதுக்குப் பதிலா சரக்க 45 ஆக்கிட்டு சக்கரைய பாதியாக்கினா ரெண்டும் சேந்து 60க்கு மேல குறையுது, டிரிங்க்கும் டிரிங்க்காவே இருக்கு. இத நான் அஞ்சாவது வாரம்தான் பென்சில் எடுத்து எழுதிப் பாத்தேன், முதல் வாரமே பாத்திருந்தா மாமா காலண்டர் பாத்திருக்க மாட்டார்.

இப்ப நான் போடற அளவு: போர்பன் 45, நம்ம ஊர் எலுமிச்சை 15, பாகு 10, முட்டை வெள்ளை பாதி, மேல ரெண்டு சொட்டு பிட்டர்ஸ், அதாவது வாசத்துக்கு விடற கசப்பு மூலிகைச் சாறு. கிட்டத்தட்ட 140 கலோரி, பழசு 215 பக்கம் வரும். அளக்கறதுக்கு பெக் மெஷர் 30, 60தான் காட்டும், சின்ன அளவுக்கு இருமல் சிரப் பாட்டிலோட வர மூடி இருக்குல்ல, 5, 10னு கோடு போட்டது, அதக் கழுவி வச்சுக்கோங்க, அதவிட நல்ல கருவி நான் பாக்கல. கண்ணளவுல ஊத்தறவங்க கீழ படிக்கறதே வேஸ்ட்.

"கசக்குது"

இதுதான் அதிகமா வர கம்ப்ளைண்ட், இதுக்கு ஒரே காரணம் இல்ல, அதனால கசப்பு எப்ப வருதுன்னு கவனிங்க. ஒரு சின்ன வாய் குடிச்சு முழுங்கிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க.

முழுங்கும்போது ஒன்னும் இல்லாம, நாலு அஞ்சு எண்ணும்போது அடிநாக்குல மெதுவா ஏறி, அதிமதுரம் கடிச்ச மாதிரி ஒரு இனிப்பும் கசப்பும் சேந்து அங்கயே உக்காந்துக்குச்சுன்னா அது ஸ்டீவியா. அது தனியா காபில போட்டா கூட சமாளிச்சுக்கலாம், போர்பன்ல போட்டா ஏன் இவ்ளோ அசிங்கமாகுதுன்னா, போர்பன் சட்டப்படியே உள்பக்கம் கருக்கின புது ஓக் பீப்பாலதான் வைக்கணும், அந்த மரத்துலேர்ந்து வெனிலா வாசம் வர மாதிரியே துவர்ப்பும் கசப்பும் இறங்கும், அதோட ஸ்டீவியா கசப்பு கை கோத்துக்குது. சக்கரை இருந்தப்ப அந்த துவர்ப்ப அமுக்கி வச்சிருந்துச்சு. சரி பண்ண: ஸ்டீவியாவ தனியா நம்பாதீங்க. 10 மில்லி நெஜப் பாகு போட்டு, அதுக்கு மேல இனிப்பு வேணும்னா ஒரே ஒரு சொட்டு, இல்லன்னா சுக்ரலோஸ் மாத்திரைய ஒரு ஸ்பூன் வெந்நீர்ல கரைச்சு அதுல பாதி. அப்புறம் ஒரு சிட்டிகை உப்பு, சிட்டிகைன்னா விரல் நுனில ஒட்டற அளவு. உப்பு கரிக்காது, கசப்ப மட்டும் இறக்கும். பாகக்கா பொரியலுக்கு உப்பு போட்டுப் பிழியறோம்ல, அங்க வேற காரணமும் உண்டுன்னாலும் கை அதே பழக்கம்தான்.

முழுங்கறதுக்கு முன்னாடியே, நாக்குல பட்ட உடனே தோல் வாசத்தோட கசந்தா அது எலுமிச்சை. நம்ம வீட்ல இருக்கற அந்த அலுமினிய பிழியான்ல கடைசி சொட்டு வரைக்கும் வஞ்சம் தீக்கற மாதிரி அமுக்கறோம், தோல் எண்ணெயும் வெள்ளைத் தோலோட கசப்பும் சேந்து இறங்கிடுது. கையாலயே லேசா பிழிஞ்சு, விதையில்லாம டீ வடிகட்டில வடிகட்டுங்க, ஒரு பழம் கூட ஆனா ஆகட்டும். நான் அல்சூர் மார்க்கெட்ல வாங்கறதுல ஒரு பழத்துக்கு 15 மில்லி வந்தா பெருசு, கோடையில அதுவும் வராது.

மூணாவது வகை, மத்தியானமே ஜூஸ் பிழிஞ்சு ஃபிரிட்ஜ்ல வச்சது. பிழிஞ்சப்ப நல்லாத்தான் இருக்கும், சில மணி நேரம் ஆச்சுன்னா அதுல லிமோனின்னு ஒரு கசப்பு தானா உருவாகும். இதுக்கு மருந்தே இல்ல, கொட்டிட்டு புதுசா பிழியணும். கெஸ்ட் வராங்கன்னு முன்னாடியே தயார் பண்ற சமத்துப் பிள்ளைங்களுக்குத்தான் இது நடக்கும்.

"புளிப்பு மண்டைக்கு ஏறுது"

அமெரிக்க அளவு பாத்து போட்டீங்கன்னா ஏறத்தான் செய்யும். அவங்க லெமன்னு சொல்றது பெரிய, தோல் தடிச்ச மஞ்சப் பழம். நம்ம எலுமிச்சை சின்னது, தோல் மெலிசு, காரமான புளிப்பு, அவங்க பாஷைல சொன்னா லைமுக்குத்தான் பக்கம். அதனால அங்க 22ன்னா இங்க 15. அந்த மஞ்சப் பழமும் பெங்களூர்ல பெரிய சூப்பர்மார்க்கெட்ல கிடைக்குது, விலை பாத்தா நமக்குப் புளிப்பு தானா இறங்கிடும்.

இன்னொன்னு, ஐஸ் போடறதுக்கு முன்னாடி ருசி பாத்துட்டு "கரெக்டா இருக்கு"ன்னு நிறுத்திடறது. சில்லுனு ஆனா நாக்குக்கு இனிப்பு கம்மியா தெரியும், புளிப்பு அப்படியே நிக்கும். ஐஸுக்கு முன்னாடி ஒரு பொட்டு தித்திப்பா இருந்தாத்தான் ஐஸுக்கு அப்புறம் சரியா வரும். ஏற்கனவே கலக்கி முடிச்சாச்சு, புளிக்குதுன்னா சக்கரை அள்ளிப் போடாதீங்க, குளிர்ல கரையாம அடில போய் உக்காந்துக்கும். ஒரு ஸ்பூன் பாகு, இல்ல ஆரஞ்சு தோல் ஒரு துண்டு எடுத்து கிளாஸ் மேல முறுக்கி விடுங்க. அந்த எண்ணெய் வாசம் மூக்குல ஏறினாலே நாக்கு கொஞ்சம் ஏமாறும். ஜாதிக்காய் ஒரு உரசு உரசினாலும் அதே வேலை. வாசனைல இனிப்பக் காட்டறது கலோரியே இல்லாத இனிப்பு, லைட்டா போடறவங்க இத முழுசா பயன்படுத்திக்கணும்.

"தண்ணி மாதிரி இருக்கு"

இதுல ரெண்டு இருக்கு, ஒன்னோட ஒன்னு குழப்பிக்காதீங்க. ருசி இருக்கு ஆனா வாயில கனமே இல்ல, மெலிசா வழுக்கிட்டுப் போகுதுன்னா அது சக்கரை போனதால. சக்கரை இனிப்பு மட்டும் குடுக்கல, பாகுங்கற பேர்லயே இருக்கு, கொழகொழப்பையும் அதுதான் குடுத்துச்சு. நாலு சொட்டு ஸ்டீவியா அந்த இடத்த ரொப்ப முடியாது. ரொப்பறதுக்கு மலிவான வழி முட்டை வெள்ளை, பாதி போட்டா 8, 9 கலோரிதான்.

நான் இதுக்கு ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். வெளிநாட்ல பழைய பார்கள்ல பாகுல கோந்து கலப்பாங்கன்னு எங்கயோ கேட்டு, கோந்துதானேன்னு வீட்ல ஜிகர்தண்டாவுக்கு வாங்கி வச்சிருந்த பாதாம் பிசின ஊற வச்சு ஷேக்கர்ல போட்டுட்டேன். அது கரையவே கரையாது, ஊறி உப்பும் அவ்ளோதான். விஸ்கில தவளை முட்டை மிதக்கற மாதிரி ஒன்னு கிளாஸ்ல இறங்குச்சு, மாமா ஸ்பூன் கேட்டார். அவங்க போடறது அரபிக் கோந்து, அது தண்ணில கரையற சாதி.

ரெண்டாவது வகை, ருசியே இல்ல, எல்லாம் மங்கலா இருக்கு. இது ஐஸ் வேலை. ஷேக் பண்ணும்போது ஐஸ் உருகித்தான் ஆகணும், ஆனா சரக்கும் சக்கரையும் குறைச்ச டிரிங்க்ல தாங்கற சக்தி கம்மி, 60 மில்லிக்கு குலுக்கற மாதிரி 20 செகண்ட் குலுக்கினா முடிஞ்சுது கதை. 10 எண்ணி நிறுத்துங்க. ஃபிரீசர்லேர்ந்து எடுத்து பத்து நிமிஷம் மேசைமேல வச்ச ஐஸ் வேணாம், ஈரமா பளபளன்னு இருந்தா அந்த ஈரமே கால் பெக். கரண்ட் போய்ப் போய் வந்து ஒன்னோட ஒன்னு ஒட்டின ஐஸ் இன்னும் மோசம், அது உருகி உறைஞ்சது, உடைச்சா தூளாத்தான் வரும். சின்ன சில்வர் கிண்ணத்துல தண்ணி வச்சு உறைய வைங்க, ஒரே பெரிய கட்டியா வரும், ஷேக்கருக்குள்ள அதுவே போதும். அப்புறம் போர்வெல் தண்ணில ஐஸ் போடாதீங்க, குடிக்கற தண்ணியிலயே போடுங்க. உப்புத் தண்ணி ஐஸ் உருகினா எந்த போர்பனும் நிக்காது.

"நுரை வரல, வந்தாலும் நிக்கல"

முதல்ல ஐஸ் இல்லாம 15 செகண்ட், அப்புறம் ஐஸோட 10 செகண்ட். இந்த ரெண்டு ஆட்டத்துல முதல் ஆட்டத்த விட்டுட்டுத்தான் பாதி பேர் நுரை வரலன்னு அழறது. குளிர்ல புரதம் சோம்பேறி, சூடா இருக்கும்போதே அடிச்சு எழுப்பணும். அதுவும் பண்ணியாச்சு, வரலன்னா முட்டையில மஞ்சக்கரு ஒரு துளி விழுந்துருக்கும், இல்ல பாத்திரத்துல எண்ணெய்ப் பிசுக்கு. ஷேக்கர் இல்லாதவங்க ஜிம்முக்கு எடுத்துட்டுப் போற புரோட்டீன் ஷேக்கர்ல பண்ணலாம், உள்ள இருக்கற கம்பிப் பந்து நுரைக்கு நல்ல தோஸ்து, கழுவும்போது மட்டும் முதல்ல பச்சத்தண்ணி, வெந்நீர் ஊத்தினா முட்டை வெந்து ஓரத்துல ஒட்டிக்கும், மறுநாள் காலைல உங்க புரோட்டீன் பவுடர்ல வாசம் தெரியும்.

நுரை வருது, ஆனா சோப்புக் குமிழி மாதிரி பெருசு பெருசா வந்து ரெண்டு நிமிஷத்துல படுத்துடுதுன்னா சக்கரை பூஜ்யம் பண்ணிட்டீங்க. நுரையப் புடிச்சு நிறுத்தறதும் அதே சக்கரைதான். அந்த 10 மில்லி பாக நான் விடாம புடிச்சுட்டிருக்கறது இதுக்காகவும்தான்.

பச்சை முட்டை வேணாம்னா, அது நியாயமான பயம்தான், வயசானவங்க, உடம்பு முடியாதவங்க இருந்தா போடவே போடாதீங்க, சரக்கும் எலுமிச்சையும் கிருமியக் கொன்னுடும்னு நம்பவும் வேணாம். கொண்டைக்கடலை வேகவச்ச தண்ணி இருக்கே. 2014ல ஒரு பிரெஞ்சுக்காரர் இந்தத் தண்ணி முட்டை மாதிரி நுரைக்கும்னு கண்டுபிடிச்சு உலகமே ஆச்சரியப்பட்டுச்சு, நாம நவராத்திரி ஒன்பது நாளும் அத சிங்க்ல கொட்டிட்டு இருந்தோம். ஆனா குக்கர்லேர்ந்து அப்படியே எடுத்தா நுரைக்காது, நீர்த்து இருக்கும். திரும்ப அடுப்புல வச்சு முட்டை வெள்ளை பதத்துக்கு, விரல்ல தொட்டா லேசா நூல் இழுக்கற மாதிரி சுண்ட விடுங்க, ஆற வச்சு 20 மில்லி. கடலை வேகும்போது உப்பும் ஆப்ப சோடாவும் போட்டிருக்கக் கூடாது. சுண்டச் சுண்ட உப்பு ஏறும், சோடா எலுமிச்சைப் புளிப்பையே தின்னுடும், ஒரு தடவை என் வீட்ல அது நடந்து சலவைத் தண்ணி வாசம் வந்துச்சு.

"முட்டை வாடை அடிக்குது"

புது முட்டை, பாதி வெள்ளை மட்டும். நுரை மேல ரெண்டு சொட்டு பிட்டர்ஸ், கிளாஸுக்குள்ள இல்ல, மேல. மூக்கு முதல்ல படறது அங்கதான். பிட்டர்ஸ் இல்லன்னா ஆரஞ்சு தோல். குடிக்காம வச்சு வேடிக்கை பாத்தா எதப் போட்டாலும் வாடை வரும்.

"குடிச்சா நாக்குல சில்லுனு, மிட்டாய் மாதிரி"

எரித்ரிட்டால், இதுவும் சக்கரைக்குப் பதிலா போடற ஒரு இனிப்புதான். ஸ்டீவியான்னு பெருசா எழுதின பாக்கெட்ட திருப்பிப் பாருங்க, பலதுல முக்கால்வாசி இதான் இருக்கும். சக்கரைல 60, 70 சதவீதம்தான் இனிக்கும், அதனால நாம கூடப் போடுவோம், கூடப் போட்டா அந்த சில்லிப்பு. பாகு காய்ச்சி ஃபிரிட்ஜ்ல வச்சா அடில கண்ணாடித் தூள் மாதிரி படிஞ்சுடும், அது கெட்டுப் போகல, குளிர்ல கரைஞ்சு நிக்காது அவ்ளோதான். அப்பப்ப தேவையான அளவு வெந்நீர்ல கரைச்சுக்கோங்க.

தேன், நாட்டுச் சக்கரை, கருப்பட்டி பத்தி கேக்கறவங்களுக்கு: கருப்பட்டிப் பாகு போர்பனுக்கு பிரமாதமா சேரும், ருசிக்கு நானே ஓட்டுப் போடறேன், ஆனா அது லைட் இல்ல. சுகருக்கு நல்லதுன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க, உடம்புக்குள்ள போனா கிட்டத்தட்ட அதே கணக்குதான். தேன நேரா ஷேக்கர்ல விட்டா ஐஸ் பட்டதும் கட்டியாகி அடில ஒட்டிக்கும், சம அளவு வெந்நீர்ல கலக்கிட்டு விடுங்க.

"போர்பன் போட்ட மாதிரியே இல்ல"

பாட்டிலப் பாருங்க முதல்ல. போர்பன்னா அமெரிக்காவுல செஞ்சது, தானியத்துல 51 சதவீதமாவது மக்காச்சோளம். 1964ல அவங்க காங்கிரஸே இது எங்க நாட்டுச் சரக்குன்னு தீர்மானம் போட்டுச்சு. நம்ம ஊர் சாதா விஸ்கி பலது கரும்பு மொலாசஸ் ஸ்பிரிட்ல கலந்தது, அதுல அந்த வெனிலா, கேரமல் வாசம் இருக்காது, சக்கரையக் குறைச்சதும் வெறும் காட்டம்தான் மிஞ்சும். பெங்களூர் பெருமையா அம்ருத் சிங்கிள் மால்ட் எடுத்து வந்து "இதுல போடு"ன்னு ஒரு ஃபிரண்டு சொன்னான், 2004ல கிளாஸ்கோவுக்கே போய் இறக்கி பேர் வாங்கின சரக்கு, ஆனா அது பார்லி. நல்லாத்தான் வந்துச்சு, வேற டிரிங்க்கா வந்துச்சு. அத லெமன் ஊத்தி மறைக்கறது பாவம், தனியா குடிங்க.

சோடா ஊத்தி நீட்டறதும் லைட்டுக்கு நல்ல வழிதான், 60 மில்லி சோடா வரைக்கும் வாசம் தாங்கும். டானிக் வாட்டர் சோடா இல்ல, அதுல சக்கரை இருக்கு. சோடாவ ஷேக்கருக்குள்ள ஊத்திக் குலுக்காதீங்க. மூடி பறந்து என் வீட்டு ட்யூப்லைட்ல பட்டு, முட்டை நுரை ஃபேன் றெக்கை வரைக்கும் போய், ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி மேல வந்து "ஏனாய்த்து?"ன்னு கேட்டாங்க.

"லைட்டுதான், ஆனா காலைல தலை வலிக்குது"

எத்தன போட்டீங்க? பழசுல ரெண்டு குடிச்சா போர்பன் 120 மில்லி, 430 கலோரி. லைட்டுன்னு மூணு குடிச்சா போர்பன் 135, கலோரி 420. சரக்கு கூடத்தான் போயிருக்கு. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க இதுல இன்னும் உஷாரா இருக்கணும், வெறும் வயித்துல குடிச்சா சுகர் ஏறாது, இறங்கும், கல்லீரல் சரக்க கவனிக்கற வேலைல சுகர வெளிய விடற வேலைய நிறுத்தி வச்சுடும், அதுவும் ராத்திரி தூக்கத்துல இறங்கினா தெரியாது, பாக்கறவங்க போதைன்னு நெனச்சுப்பாங்க. மாமா டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தார், ஒன்னு, அதுவும் சாப்பாட்டோட. அதனால இப்ப சப்பாத்தி மேசைக்கு வந்தப்புறம்தான் நான் ஐஸையே வெளிய எடுக்கறது.

"ஷேக்கர் மூடி தொறக்கவே மாட்டேங்குது"

உள்ள காத்து குளிந்து சுருங்கி மூடிய இழுத்துப் புடிச்சிருக்கு. கத்தி விட்டு நெம்பாதீங்க, வெந்நீர்லயும் முக்காதீங்க, உள்ள முட்டை இருக்கு. ரெண்டு உள்ளங்கையாலயும் மூடிய ஒரு நிமிஷம் கெட்டியாப் புடிங்க, அப்புறம் மூடியும் டம்ளரும் சேர இடத்துல பக்கவாட்டுல ஒரு தட்டு. அதுக்கும் வரலன்னா நம்ம வீட்ல மாமாகிட்ட குடுத்துடறது, "குடு மாப்ள"ன்னு வாங்கி, வேட்டி நுனியச் சுத்தி ஒரே திருகு.